யார் இந்த பி.பி.வாடியா? 1918-ல் பெரம்பூரில் அவர் தொடங்கிய சங்கமும், இன்றைய கிக் தொழிலாளர்களின் கேள்வியும்

காலையில் எழுந்து ஆப்பைத் திறந்தால் ஐடி பிளாக் ஆகியிருக்கும். காரணம் தெரியாது. கஸ்டமர் கேர் நம்பருக்கு அழைத்தால் பதிவு செய்யப்பட்ட குரல் பேசும். நேரில் போய்க் கேட்க மேனேஜரும் கிடையாது. உணவு டெலிவரி, டாக்சி, பைக் டாக்சி ஓட்டும் பலர் சொல்லும் புகார் இது. நியாயம் கேட்கப் போனால் கிடைக்கிற பதில், நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை, பார்ட்னர் என்பதுதான்.

இதே சென்னையில் 108 ஆண்டுகளுக்கு முன்பு இன்னொரு கூட்டம் யாரிடம் போய் முறையிடுவது என்று தெரியாமல் நின்றது. பெரம்பூர் பகுதியில் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் அவர்கள். பி அண்ட் சி மில் என்று சென்னைவாசிகள் சொல்வது இந்த ஆலைகளைத்தான். அவர்களுக்காக ஒரு சங்கம் அமைத்து, அதற்காகவே நீதிமன்றத்தில் எதிர்மனுதாரராக நிறுத்தப்பட்டவர் பி.பி.வாடியா. தமிழ் தெரியாத பம்பாய்க்காரர். ஆலையில் ஒருநாள் கூட வேலை பார்க்காதவர்.

அவர் மீது போடப்பட்ட வழக்கு, இந்தியாவில் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கே ஒரு காரணமானது. அந்தக் கதை என்ன? அதற்கும் இன்றைய கிக் தொழிலாளர்களுக்கும் என்ன சம்பந்தம்?

பம்பாயில் இருந்து அடையாறுக்கு

பஹ்மன் பெஸ்தோன்ஜி வாடியா 1881 அக்டோபர் 8-ம் தேதி பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். கப்பல் கட்டும் தொழிலில் பேர் போன வாடியா குடும்பத்தின் வழிவந்தவர். அப்பா ஜவுளி வியாபாரி. அப்பாவுக்குப் பிறகு அந்தத் தொழிலை இளவயதிலேயே பார்த்தார். ஆனால் மனசு வியாபாரத்தில் ஒட்டவில்லை.

1903-ல் தியசாபிகல் சொசைட்டி எனும் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் பம்பாயை விட்டு, அந்த சபையின் தலைமையகமான சென்னை அடையாறுக்கே வந்துவிட்டார். சபையின் பதிப்பகப் பொறுப்பு அவரிடம் வந்தது. அன்னி பெசன்ட் நடத்திய நியூ இந்தியா நாளிதழிலும் வேலை பார்த்தார்.

பெசன்ட் அம்மையார் ஹோம் ரூல் இயக்கத்தைத் தொடங்கியபோது வாடியா அவருடைய வலது கையாக இருந்தார். 1917 ஜூனில் பெசன்ட், ஜார்ஜ் அருண்டேல், வாடியா மூன்று பேரையும் ஆங்கிலேய அரசு ஊட்டியில் காவலில் வைத்தது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. செப்டம்பரில் மூவரும் விடுதலையானார்கள்.

அதுவரை வாடியாவின் உலகம் பத்திரிகை, மேடை, தத்துவம் என்றுதான் இருந்தது. அடுத்த வருடம் வந்த ஒரு சந்திப்பு அதை மாற்றியது.

துணிக்கடையில் தொடங்கிய பேச்சு

பெரம்பூர் பக்கம் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்று இரண்டு வியாபாரிகள் இருந்தார்கள். பக்திச் சொற்பொழிவுகள் நடத்தும் ஒரு சபையையும் நடத்திவந்தார்கள். அந்தச் சொற்பொழிவைக் கேட்க வந்தவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள். கடைக்கும் சபைக்கும் வந்துபோன தொழிலாளர்கள், ஆலைக்குள் நடப்பதைச் சொல்லத் தொடங்கினார்கள்.

காலை 6 மணிக்கு ஆலைக்குள் இருக்க வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் கேட் மூடிவிடும், கூலி போய்விடும். கடிகாரம் இல்லாத வீடுகளில் இருந்து வருபவர்கள் இதற்காகவே இருட்டில் கிளம்பினார்கள். மதிய சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான். கை கால் கழுவி, சாப்பிட்டு, திரும்பி மிஷினுக்கு வர அது போதவில்லை. வெள்ளைக்கார மேலாளர்கள் சிலர் கை நீட்டுகிறார்கள் என்ற புகாரும் இருந்தது. முதல் உலகப் போர் நேரம் என்பதால் அரிசி, துணி விலை ஏறிக்கொண்டே போனது. கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை.

அப்போது இந்தியாவில் இருந்த தொழிற்சாலைச் சட்டம் 1911-ல் வந்தது. அதன்படி நெசவாலையில் ஒரு ஆண் தொழிலாளியை நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம்.

செல்வபதியும் ராமானுஜலுவும் பெசன்ட் அம்மையாரிடம் முறையிடலாம் என்று நியூ இந்தியா அலுவலகத்துக்குப் போனார்கள். அவர் அங்கே இல்லை. இருந்தவர் வாடியா. அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்ட வாடியா, தானே பெரம்பூர் வருவதாக ஒப்புக்கொண்டார்.

1918 ஏப்ரல் 27: சங்கம் பிறந்தது

அந்த ஏப்ரல் மாதத்தில் வாடியா பெரம்பூரில் தொழிலாளர்களிடம் பேசத் தொடங்கினார். அவர் பேசியது ஆங்கிலம். அதைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். ஏப்ரல் 27-ம் தேதி சென்னை தொழிலாளர் சங்கம், அதாவது மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கப்பட்டது. வாடியா தலைவர். தேசபக்தன் ஆசிரியராக இருந்த திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். செல்வபதியும் ராமானுஜலுவும் செயலாளர்கள்.

இதற்கு முன்பே பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே போன்றவர்கள் ஆலைத் தொழிலாளர்களுக்காக அமைப்பு நடத்தியிருக்கிறார்கள். ஆனால் உறுப்பினர் பட்டியல், மாதச் சந்தா, நிர்வாகிகள் என்று முறையாக நடந்த இந்தியாவின் முதல் நவீன தொழிற்சங்கம் என்று ஆய்வாளர்கள் பொதுவாகக் குறிப்பிடுவது சென்னை சங்கத்தைத்தான்.

முதல் கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? மதிய உணவு நேரத்தை 30 நிமிடத்தில் இருந்து 40 நிமிடமாக்க வேண்டும் என்பது. வெறும் 10 நிமிடம். அதைக் கேட்க ஒரு சங்கம் தேவைப்பட்டது. நியாய விலையில் அரிசியும் துணியும் கிடைக்க சங்கமே கடை நடத்தவும் முயற்சி எடுத்தது.

வாடியா எடுத்த எடுப்பில் வேலைநிறுத்தம் என்று கிளம்பியவர் இல்லை. போர் நடந்துகொண்டிருந்ததால், ராணுவத்துக்குத் துணி போகும் ஆலையை நிறுத்தக் கூடாது என்று தொழிலாளர்களைத் தடுத்தவரே அவர்தான். இதனால் தொழிலாளர்கள் மத்தியில் அதிருப்தியும் எழுந்தது. அதே நேரத்தில் நிர்வாகம் கதவடைப்பு செய்து பார்த்தது. சங்கம் உடையவில்லை.

1919-ல் அவர் லண்டன் போனார். இந்திய அரசுச் சட்ட மசோதாவை விசாரித்த நாடாளுமன்றக் கூட்டுக் குழுவிடம் சென்னைத் தொழிலாளர்கள் நிலையை எடுத்துச் சொன்னார். அந்த ஆண்டு இறுதியில் வாஷிங்டனில் நடந்த முதல் சர்வதேச தொழிலாளர் மாநாட்டுக்கும் போனார். இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியாக அங்கே போனவர் என்.எம்.ஜோஷி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் திரும்ப வருவார்.

வழக்கு: தலைவர் செய்த குற்றம் என்ன?

1920 அக்டோபரில் பக்கிங்காம் ஆலையில் தகராறு வெடித்தது. நிர்வாகம் ஆலையை இழுத்து மூடியது. மாதக்கணக்கில் வேலை இல்லை, கூலி இல்லை. டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின.

ஆலையை நடத்திவந்த பின்னி நிறுவனம் இன்னொரு பக்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வாடியா உள்ளிட்ட சங்கத் தலைவர்கள் மீது வழக்கு. நஷ்டஈடு கேட்டது. தலைவர்கள் தலையிடக் கூடாது என்று தடையும் கேட்டது.

குற்றச்சாட்டு இதுதான்: ஆலைக்கும் தொழிலாளிக்கும் வேலை ஒப்பந்தம் இருக்கிறது. வேலைக்குப் போகாதே என்று தொழிலாளியைத் தூண்டுவது, அந்த ஒப்பந்தத்தை மீறத் தூண்டுவதாகும். இதனால் கம்பெனிக்கு நஷ்டம். ஆகவே தூண்டியவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்திலும் இதே போல ஒன்று நடந்திருந்தது. 1901-ல் டாஃப் வேல் ரயில்வே வழக்கில், வேலைநிறுத்தத்தால் ஏற்பட்ட நஷ்டத்துக்குச் சங்கம் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. பெரிய எதிர்ப்புக்குப் பிறகு 1906-ல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டு சங்கங்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. ஆக, லண்டனில் ஒரு சங்கத் தலைவருக்கு இருந்த பாதுகாப்பு, அதே ஆட்சியின் கீழ் இருந்த சென்னையில் வாடியாவுக்கு இல்லை. இங்கே சங்கம் என்ற ஒன்றைச் சட்டம் கண்டுகொள்ளவே இல்லை.

உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 1921 தொடக்கத்தில் சமரசம் ஏற்பட்டது. ஆலை திறக்கும், வழக்கு கைவிடப்படும். அதற்கு ஒரு நிபந்தனை: வாடியா சங்கத்துடன் உள்ள தொடர்பை விட்டுவிட வேண்டும். அவர் விலகினார். சங்கம் தொடங்கி மூன்று வருடம் கூட முடியவில்லை.

அவர் விலகிய பிறகு என்ன ஆச்சு?

அடுத்த சில மாதங்களில் பெரம்பூர் இன்னும் மோசமான நாட்களைப் பார்த்தது. 1921-ல் மீண்டும் வேலைநிறுத்தம். அது பல மாதங்கள் நீண்டது. இந்த முறை தொழிலாளர்கள் ஒன்றாக இல்லை. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்ப, மோதல் சாதிக் கலவரமாக மாறியது. புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. மறுபடியும் துப்பாக்கிச் சூடு நடந்தது. கடைசியில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. வாசலில் ஒன்றாக நின்றவர்களை ஊருக்குள் பிரித்து வைத்திருந்த சாதியை அந்தச் சங்கத்தால் தாண்ட முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பி அண்ட் சி ஆலை நலத்திட்டங்களே இல்லாத இடம் அல்ல. தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மருத்துவ வசதி, குடியிருப்பு என்று அந்தக் காலத்தில் மற்ற ஆலைகளுக்கு முன்மாதிரியாகவே பேசப்பட்டது. 1922-ல் நிர்வாகமே ஒரு நலக் குழுவையும் அமைத்தது. தொழிலாளர் குறைகளை அங்கேயே பேசிக்கொள்ளலாம், வெளி ஆட்கள் வேண்டாம் என்பது நிர்வாகத்தின் நிலைப்பாடு.

அதாவது வசதி செய்து தர நிர்வாகம் தயாராக இருந்தது. சமமாக உட்கார்ந்து பேசும் சங்கத்தைத்தான் ஏற்கத் தயாராக இல்லை. வாடியாவின் மூன்று ஆண்டு உழைப்பும் இந்த இடத்தில்தான் முட்டி நின்றது.

ஒரு வழக்கு, ஒரு சட்டம்

வாடியா மீதான வழக்கு சென்னையோடு முடியவில்லை. இன்றைக்கு அவருக்கு நடந்தது நாளைக்கு எந்தச் சங்கத் தலைவருக்கும் நடக்கலாம் என்பது எல்லோருக்கும் புரிந்தது. 1921 மார்ச்சில் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் சட்டம் வேண்டும் என்பது அதன் சாரம். தீர்மானம் ஏற்கப்பட்டது. ஐந்து வருட இழுபறிக்குப் பிறகு 1926-ல் இந்திய தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. 1927 ஜூன் 1-ல் அமலுக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் 18-வது பிரிவைப் படித்தால் வாடியா கண்முன் வருவார். தொழில் தகராறின்போது, வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்ற ஒரே காரணத்துக்காகப் பதிவு பெற்ற சங்கத்தின் மீதோ நிர்வாகிகள் மீதோ சிவில் வழக்கு போட முடியாது என்கிறது அது. எந்தக் காரணத்தைச் சொல்லி அவரை சங்கத்தில் இருந்து வெளியேற்றினார்களோ, அந்தக் காரணத்தையே சட்டம் அடைத்துவிட்டது.

ஆனா அப்போது வாடியா தொழிற்சங்கத்தில் இல்லை, இந்தியாவிலேயே இல்லை. 1922-ல் அடையாறு சபையை விட்டு விலகி அமெரிக்காவில் தங்கிவிட்டார். 1929-ல் பம்பாய் திரும்பினார். மனைவி சோபியா வாடியாவுடன் சேர்ந்து தத்துவம், இலக்கியம், பத்திரிகை என்று இயங்கினார். 1945-ல் பெங்களூரு பசவனகுடியில் அவர் தொடங்கிய பண்பாட்டு நிறுவனம் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் வேர்ல்ட் கல்ச்சர் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. 1958 ஆகஸ்ட் 20-ம் தேதி பெங்களூருவில் காலமானார். பி அண்ட் சி ஆலையும் 1990-களில் மூடப்பட்டது.

சரி, கிக் தொழிலாளர்களுக்கு இப்போ என்ன பாதுகாப்பு இருக்கு?

நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2020-21-ல் இந்தியாவில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்தார்கள். 2029-30-ல் இது 2.35 கோடியாகும் என்பது அந்த அறிக்கையின் கணிப்பு.

முதலில் மத்திய சட்டம். 2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, கிக் தொழிலாளர், பிளாட்ஃபார்ம் தொழிலாளர் என்ற சொற்களை முதல்முறையாக மத்திய சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இது 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. இதன்படி ஆப் நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும். தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தை அது தாண்டக் கூடாது. ஆயுள் மற்றும் ஊனக் காப்பீடு, விபத்துக் காப்பீடு, மருத்துவம், மகப்பேறு, முதுமைக்காலப் பாதுகாப்பு ஆகியவற்றுக்குத் திட்டங்கள் வகுக்கலாம். இ-ஷ்ரம் தளத்தில் ஆதார் மூலம் பதிவு செய்துகொள்ளலாம்.

மாநிலங்களில் முதலில் தனிச்சட்டம் கொண்டுவந்தது ராஜஸ்தான், 2023-ல். அதே ஆண்டு டிசம்பரில் தமிழ்நாடு அரசு, 1982-ம் ஆண்டு உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் கிக் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் அமைத்தது. விபத்து மரணம், பிள்ளைகளின் கல்வி, மகப்பேறு, ஓய்வூதியம் போன்ற உதவிகளுக்கு வழி செய்வது இந்த வாரியம். கர்நாடகா 2025-ல் கொண்டுவந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒருவரை வேலையில் இருந்து நீக்குவதாக இருந்தால், காரணம் சொல்லி 14 நாள் முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது.

எங்கே இடிக்குது?

சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு கிக் தொழிலாளியை எப்படி வரையறுக்கிறது என்று பாருங்கள். வழக்கமான முதலாளி - தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்து சம்பாதிப்பவர். அதாவது முதலாளி இல்லாதவர் என்பதே அவருடைய சட்ட அடையாளம். அதனால் காப்பீடு உண்டு, உதவித்தொகை உண்டு. ஆனால் குறைந்தபட்சக் கூலி, வேலை நேர வரம்பு, ஓவர்டைம் போன்றவற்றை இந்தப் பிரிவுகள் அவருக்குத் தரவில்லை.

சங்கம்? சேர்ந்து சங்கம் வைக்கத் தடை இல்லை. பல ஊர்களில் கிக் தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து ஆப்பை அணைத்து வைத்துப் போராடியும் இருக்கிறார்கள். 1926 சட்டம் இப்போது தொழில் உறவுச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது. வாடியா வழக்குக்குப் பிறகு வந்த அந்தப் பாதுகாப்பும் அதில் தொடர்கிறது. ஆனால் நிறுவனம் யாருடன் உட்கார்ந்து பேச வேண்டும் என்று சொல்லும் இடத்தில், ஊழியர் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு என்கிறது சட்டம். பார்ட்னர் என்று அழைக்கப்படுபவர் அந்தப் பதிவேட்டிலேயே இல்லையே?

அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் ஒரு விநோதம் இருக்கிறது. 1920-ல் கம்பெனி, எங்களுக்கும் தொழிலாளிக்கும் ஒப்பந்தம் இருக்கிறது, அதில் தலையிடாதே என்று நீதிமன்றம் போனது. இன்றைக்கு நிறுவனங்கள் அந்த மாதிரி வேலை ஒப்பந்தமே எங்களுக்குள் இல்லை என்கின்றன. வாதம் தலைகீழாக மாறியிருக்கிறது. இரண்டிலும் தொழிலாளியின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தப்பித்துக்கொள்கிறார்.

நல வாரியம், காப்பீடு எல்லாம் தேவையானவை. விபத்தில் கால் உடைந்து வீட்டில் கிடக்கும் ஒருவருக்கு அது பெரிய ஆதரவு. ஆனா ஒரு ஆர்டருக்குக் கிடைக்கும் தொகை குறைந்தாலோ, இன்சென்டிவ் கணக்கு மாறினாலோ, ஐடி முடக்கப்பட்டாலோ வாரியத்தின் உதவித்தொகை அதற்குப் பதில் ஆகாது. அதற்கு எதிரில் உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும்.

பெரம்பூர் ஆலையிலும் பள்ளிக்கூடம் இருந்தது, மருத்துவ வசதி இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு 10 நிமிடம் கூடுதலாகக் கேட்கத்தான் வழி இல்லாமல் இருந்தது. அந்த வழியைத் திறக்க வாடியா ஒரு சங்கத்தையும், அந்தச் சங்கத்தில் தன் பதவியையும் விலையாகக் கொடுக்க நேர்ந்தது. சட்டம் வர அதற்குப் பிறகு ஐந்து வருடம் ஆனது.

ஆப்பில் வேலை செய்பவருக்கு, காரணம் கேட்கும் உரிமையும் எதிரில் உட்கார்ந்து பேசும் உரிமையும் எப்போது எழுத்தில் வரும்? கர்நாடகாவின் 14 நாள் நோட்டீஸ் அதற்கு ஒரு தொடக்கம். மற்ற மாநிலங்களும் மத்திய அரசும் அடுத்து என்ன செய்யப்போகின்றன என்பதைப் பொறுத்துத்தான் மீதி இருக்கிறது.